கல்லூரியில் ‘லீடர்’ ஆனால் வேலை கிடைக்குமா? சக மாணவர் தலைமை பற்றி ஒரு விளக்கம்

ஜூன் மாதம் காவிரி டெல்டாவில் இரண்டு திறப்புகள். மேட்டூர் அணையை 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துச் சில வருடங்களில் முன்பின் ஆகும். கல்லூரிகளும் கிட்டத்தட்ட அதையொட்டித்தான் திறக்கின்றன. குறுவை நடவு முடிவதற்குள் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல்கள் ஏறிவிடும்: வகுப்புப் பிரதிநிதி, துறை மன்றச் செயலாளர், என்.எஸ்.எஸ். தொண்டர், யூத் ரெட் கிராஸ் பொறுப்பாளர், சில இடங்களில் ‘மாணவ வழிகாட்டி’.

பட்டியலில் பெயர் வந்ததும் வீட்டில் ஒரு கேள்வி வரும்: “படிக்க அனுப்பினோமா, நாலு பேரை மேய்க்க அனுப்பினோமா?” மாணவருக்கு உள்ளுக்குள் இன்னொரு கேள்வி: இதனால் வேலை கிடைக்குமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். கிடைக்கும், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. அந்த நிபந்தனைகளை யாரும் உட்கார்ந்து சொல்லாததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

சொல்லுக்கு என்ன பொருள்

தனக்குச் சமமானவர்கள் மீது எந்த அதிகாரமும் இல்லாமல், அவர்களுடைய ஒரு காரியத்துக்குப் பொறுப்பேற்று நடத்துவதுதான் சக மாணவர் தலைமை. இதில் மூன்று கூறுகள் உண்டு.

1. சமநிலை. பொறுப்பேற்பவரும் மாணவர், அவரைக் கேட்பவர்களும் மாணவர்கள். ஒரு வருடம் மூத்தவராக இருக்கலாம், அவ்வளவுதான்.
2. அதிகாரமின்மை. மார்க் போட முடியாது, வருகைப் பதிவில் கை வைக்க முடியாது, சொன்னபடி கேட்காதவரை ஒன்றும் செய்ய முடியாது.
3. பதில் சொல்லும் கடமை. காரியம் கெட்டால் நண்பர்களுக்கும் ஆசிரியருக்கும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் ஊர் வகுப்புப் பிரதிநிதி பெரும்பாலும் தபால்காரர். சார் சொன்னதை வகுப்பில் சொல்வார், வகுப்பு கேட்டதைச் சாரிடம் சொல்வார். அதில் இரண்டாவது கூறு இருக்கிறது, மூன்றாவது இல்லை. என்.சி.சி.-யில் லான்ஸ் கார்ப்பரல் தொடங்கி சீனியர் அண்டர் ஆபீசர் வரை படிநிலை உண்டு, உத்தரவிடலாம். ஆகவே அது வேறு வகைப் பயிற்சி, நல்ல பயிற்சியும்கூட. இந்தக் கட்டுரை பேசுவது படிநிலையோ பதக்கமோ இல்லாத தலைமையைப் பற்றி.

சட்டாம்பிள்ளையிலிருந்து மிசூரி வரை

இது ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான யோசனை என்று நினைக்க வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் ஒப்பிக்க வைத்தவர் அவர்தான். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லும் முறையைத் தன் காப்பகத்தில் நடத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் பள்ளிகளில் பரவியது. நம்மிடமிருந்து போன சரக்கு என்று பெருமைப்படலாம்தான். ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. பிரம்பு வந்ததும் சமநிலை போய்விடுகிறது.

பிரம்பை எடுத்துவிட்டு அதே யோசனையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது 1973-ல், அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் உள்ள மிசூரி பல்கலைக்கழகத்தில். டியானா மார்ட்டின் என்ற ஆசிரியர் தொடங்கிய துணைப் பயிற்றுமுறை அது. ஏற்கெனவே அந்தப் பேப்பரை நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடியும் அந்த வகுப்பில் போய் உட்காருவார். பிறகு வாரா வாரம் சக மாணவர்களை வைத்துத் தனியாக ஓர் அமர்வு நடத்துவார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘மக்கு மாணவர்கள்’ என்று யாரையும் பிரித்து எடுப்பதில்லை. பலரும் தவறும் பேப்பர் எது என்று பார்த்து, அந்தப் பேப்பருக்குத்தான் அமர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆகவே வருவதில் வெட்கம் இல்லை.

நம் கலைக் கல்லூரிகளில் அப்படிப்பட்ட பேப்பர்களைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. பி.எஸ்சி. இயற்பியலுக்கு அலைடு மேத்ஸ், பி.காமுக்கு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், எல்லோருக்கும் பகுதி இரண்டு ஆங்கிலம். அரியர் குவியும் இடங்கள் இவை.

ஓர் அமர்வைப் பக்கத்திலிருந்து பார்த்தால்

உதாரணமாக ஒரு காட்சி. மதியம் மூன்று மணி, காலியான வகுப்பறை, எட்டுப் பேர். எல்லோரும் 4.10 டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், ஆகவே ஐம்பது நிமிடம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்துவிட்டு பி.காமுக்கு வந்த ஒரு மாணவர் தேய்மானக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், ஆண்டுக்குப் பத்து சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. அவர் மூன்று வருடத்துக்கும் பத்தாயிரம், பத்தாயிரம், பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறார்.

நடத்தும் மூன்றாமாண்டு மாணவி கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை.

“தம்பி, உங்க வீட்டுல பவர் டில்லர் இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“ஒரு வருஷம் ஓட்டின பிறகு அதோட விலை, வாங்கின விலையா? இல்ல கொறைஞ்சிருக்குமா?”

“கொறைஞ்சிருக்கும்.”

“அப்ப ரெண்டாவது வருஷத் தேய்மானத்தை எதுல இருந்து கணக்குப் பண்ணணும்?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவரே இரண்டாம் வருடத்தை அடித்துவிட்டு 9,000 என்று எழுதுகிறார்; மூன்றாம் வருடத்துக்கு 8,100. பக்கத்திலிருப்பவரும் எட்டிப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்திக்கொள்கிறார்.

அந்த மாணவி இங்கே செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். தவறு கூட்டல் கழித்தலில் இல்லை, கருத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எதிராளிக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததற்குப் பாலம் போட்டார். பதிலைத் தானே சொல்லிவிடாமல் வாயை அடக்கினார். மூன்றிலும் இதுதான் கஷ்டம். இதையெல்லாம் பஸ் நேரத்துக்குள் முடித்தார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகாரைக் கையாள்பவரும், தொழிற்சாலையில் புது ஆட்களுக்கு வேலை பழக்கும் சூப்பர்வைசரும், வங்கியில் கடன் விண்ணப்பத்தை விளக்குபவரும் தினமும் செய்வது இதே வேலைதான். போனஸாக, அந்தத் தேய்மானக் கணக்கு இனி அவருக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

எந்தத் திறன் எங்கே பழகுகிறது

1. அதிகாரம் இல்லாமல் வேலை வாங்குவது

இதற்கு என்.எஸ்.எஸ். முகாமைப் போல ஒரு பட்டறை கிடையாது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கப்பட்டது. ஒரு தொண்டர் வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம்.

ஏழு நாளில் மூன்றாம் நாள்தான் பரீட்சை. வாய்க்கால் தூர்வாரும் வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் உற்சாகம், புகைப்படம். இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம். மூன்றாம் நாள் காலை பாதிப் பேருக்குக் ‘காய்ச்சல்’. ஊரில் இருபது மண்வெட்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்தது ஒன்பது. குழுத் தலைவரால் யாரையும் மிரட்ட முடியாது. அவர் முன்னால் இருப்பது நான்கே வழிகள்: தானே சேற்றில் இறங்குவது, வாய்க்காலைத் துண்டு துண்டாக அளந்து ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு தூரம் என்று பிரிப்பது, தங்கள் துண்டு முடிந்தால் போகலாம் என்று சொல்வது, காய்ச்சல்காரர்களைத் தண்ணீர், டீ, மண்வெட்டி சேகரிப்புக்கு அனுப்புவது. மண்வெட்டி வாங்கிய வீட்டுப் பெயரை எழுதிவைத்து, சாயங்காலம் கழுவித் திருப்பிக் கொடுப்பதும் இதில் சேர்த்தி. மறுநாள் மண்வெட்டி கிடைக்குமா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

2. தகவலைக் கடைமடை வரை கொண்டுபோவது

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிடும். வேதாரண்யம் பக்கத்து வயலுக்கு அது எப்போது வரும் என்பது வேறு கதை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகும் இதே கதைதான் நடந்தது. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டு ஊர்களோடு நின்றுவிட்டன, உள்ளே இருந்த ஊர்கள் காத்துக்கிடந்தன.

வகுப்பிலும் தலைமடை, கடைமடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் “எல்லாரும் அப்ளை பண்ணிருங்க” என்று ஒரு வரி போடுவது மதகைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம். பொறுப்புள்ளவர் பட்டியல் போடுவார்: யாருக்கு வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, யாருடைய பெயர் மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கிறது, யாரிடம் போனே இல்லை. கடைசிப் பெயருக்கு நேரே டிக் விழும்வரை விடமாட்டார். அலுவலகங்களில் ‘ஃபாலோ அப்’ என்று சொல்வது இதைத்தான். இது இல்லாத பட்டதாரிகள் ஏராளம்.

3. அடுத்தவர் காசைக் கையாள்வது. துறை விழாவுக்குத் தலைக்கு இருநூறு வசூலித்து, பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்து, மிச்சத்தையும் ரசீதையும் எல்லோர் முன்னும் வைப்பது. சின்னத் தொகைதான். ரசீது வாங்க மறந்தால் மூன்று வருடமும் பேச்சுக் கேட்க வேண்டும்.

4. சண்டையை ஆறவைப்பது. மேடையில் யார் பாடுவது, யார் பெயர் அழைப்பிதழில் முதலில் என்று வரும் சண்டைகள்.

திறன் எப்படி வேலையாக மாறுகிறது

திறன் இருப்பது வேறு, அது இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரிவது வேறு. பொருளியலிலும் சமூகவியலிலும் இதற்கு மூன்று பாதைகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது நேரடியானது: பழகிய திறன் வேலையில் பயன்படுகிறது, அதனால் வேலையில் நிலைக்கிறோம். இது மெதுவாகத்தான் தெரியும்.

இரண்டாவது, அடையாளம். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே வெளியே தெரியும் ஏதோ ஒன்றைப் பார்த்து ஊகிக்கிறார். இதை 1973-ல் விளக்கிய மைக்கேல் ஸ்பென்ஸுக்கு 2001-ல் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. திறன் இல்லாதவர் பெறுவதற்குக் கடினமாக இருந்தால்தான் ஒன்று அடையாளமாக வேலை செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை நம் சான்றிதழ்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஒருங்கிணைப்பாளர்’ சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கல்லூரியில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பட்டப்படிப்பின் பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணிக்குக் கிடைக்கும் ஒரு கிரெடிட்டும் இதே ரகம். எல்லோருக்கும் கிடைக்கிறது, ஆகவே யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

மூன்றாவது, தொடர்பு. அதே 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் காட்டினார் (நம் விஷயத்துக்கு அந்த வருடம் ஏனோ ராசியான வருடம்): புது வேலை பற்றிய சேதி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும். டெல்டா மாணவருக்கு இது ரொம்பவே பொருந்தும். தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா வந்திருக்கிறது, திருச்சியில் பெல் நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான வேலைகள் சென்னை, கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வெளியே இருக்கின்றன. முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு வைக்க நூறு பேருக்குப் போன் பண்ணியவருக்கு, ஒரகடத்தில் யார் இருக்கிறார்கள், ஓசூரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரருக்குத் தெரிந்திருக்காது.

நேர்முகத் தேர்வில் இது எப்படி வெளிப்படுகிறது? “மூன்று வருடம் என்.எஸ்.எஸ். தலைவராக இருந்தேன், தலைமைப் பண்பு வளர்ந்தது” என்றால் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். “முகாமுக்கு இருபது மண்வெட்டி தருவதாகச் சொன்னார்கள், ஒன்பதுதான் வந்தது” என்று தொடங்கினால், “அப்புறம்?” என்பார். அந்த ‘அப்புறம்’ வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சூழ்நிலை, தன் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற நான்கு படிகளில் சொல்லச் சொல்லி வேலைவாய்ப்புப் பயிற்சியில் கற்றுத்தருவார்கள். சொல்வதற்கு ஒரு சம்பவம் கையில் இல்லாதவருக்கு அந்த நான்கு படியும் காலி டப்பா. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கவலைப்படுபவர்களும் இதைக் கவனிக்கலாம்: சம்பவம் தெளிவாக இருந்தால் எளிய ஆங்கிலமே போதும். சம்பவம் இல்லாமல் வரும் சரளமான ஆங்கிலம் இரண்டாவது கேள்வியிலேயே காற்றுப் போய்விடும்.

எங்கே உதவாது

இதையும் சொல்லியாக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் எழுத்துத் தேர்வுதான், நேர்முகம் கிடையாது; வங்கி கிளார்க் தேர்விலும் அப்படியே. நீங்கள் எத்தனை முகாம் நடத்தினாலும் அங்கே ஒரு மார்க் ஏறாது. கூட்டாகப் படிக்கும் குழுவை நடத்தத் தெரிந்தால், அந்த வகையில் லாபம். மாறாக, என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி தேர்வின் ஒரு தனிப் பிரிவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது சட்டென்று கைக்கு வரும் பலன்.

“பொறுப்பில் இருந்தவர்களுக்குத்தான் வேலை கிடைத்திருக்கிறது, பாருங்கள்” என்று காட்டப்படும் பட்டியல்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். ஏற்கெனவே வாய்த்துடுக்கும் தைரியமும் உள்ளவர்தான் பொறுப்புக்கு வருகிறார். அவருக்குப் பொறுப்பு இல்லாவிட்டாலும் வேலை கிடைத்திருக்கலாம். கூச்சப்படுகிற ஒருவர் பொறுப்பேற்று மாறினாரா என்பதுதான் சரியான கேள்வி.

இன்னும் மூன்று ஆபத்துகள்:

1. கூலியில்லா ஆள். விழாவுக்கு நாற்காலி தூக்குவது, விருந்தினருக்குச் சால்வை வாங்கி வருவது எல்லாம் ‘தலைமைப் பயிற்சி’ என்ற கணக்கில் ஏறிவிடுகிறது. முடிவெடுக்கும் உரிமை துளியும் இல்லாத வேலையில் தலைமை பழகாது, முதுகுதான் வலிக்கும்.

2. யாருக்குக் கிடைக்கிறது. ஆங்கில வழியில் படித்த, நகரத்தில் வீடு இருக்கிற பையனுக்குச் செயலாளர் பதவி. மாணவிக்குக் குத்துவிளக்கும் வரவேற்புரையும். நாலு மணிக்கு மேல் கூட்டம் வைத்தால் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர் தானாகவே கழன்றுவிடுகிறார். சில இடங்களில் சீனியர்–ஜூனியர் வரிசை சாதி வரிசையாகவும் மாறிவிடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை.

3. மூத்தவர் திமிர். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. வழிகாட்டி என்று சட்டையில் குத்தப்படும் அட்டை சிலருக்குப் பழைய பிரம்பாகத் தெரியலாம்.

நடத்துவது எப்படி

கல்லூரி தரப்பில் பெரிய செலவு எதுவும் இல்லை.

1. முறை வைக்க வேண்டும். தண்ணீர் பற்றாத வருடத்தில் முறைப்பாசனம் வைப்பது போலப் பொறுப்பும் பருவத்துக்குப் பருவம் கைமாற வேண்டும். ஒரே ஆள் மூன்று வருடம் வைத்திருந்தால் ஒருவருக்குத்தான் பழக்கம்.
2. ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். அறுபது பேரைக் கொடுத்தால் அது வாட்ஸ்அப் குழுவாகிவிடும்.
3. நேரம் கால அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும். பஸ் நேரத்தை மிதிக்கக் கூடாது.
4. தொடங்குமுன் பயிற்சி வேண்டும். குறிப்பாக ஒன்று: மன அழுத்தம், வீட்டில் வன்முறை போன்ற விஷயங்கள் காதுக்கு வந்தால் மாணவர் தானே தீர்க்கப் பார்க்கக் கூடாது, பொறுப்பாசிரியரிடம் கொண்டுபோக வேண்டும்.

மாணவர் தரப்பில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பக்கத்தை நான்காகக் கோடு போட்டுக்கொள்ளலாம்: தேதி, சிக்கல், செய்தது, ஆனது. ஒரு வரி எழுத இரண்டு நிமிடம். மூன்றாமாண்டில் நேர்முகத்துக்கு முந்தின இரவு யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது, நோட்டைப் புரட்டினால் வரும். இப்படி:

“ஆகஸ்ட் 14. உதவித்தொகைப் பட்டியலில் 52-ல் 9 பேர் பாக்கி. இரண்டு பேருக்கு ஆதாரில் இனிஷியல் தப்பு, ஒருத்தி காலேஜுக்கே வரவில்லை. வீட்டுக்குப் போனோம், நடவு வேலையில் இருந்தாள். வரப்பில் நின்றே போனில் ஓடிபி வாங்கி முடித்தோம். இன்னும் 8.”